சரக்கு விலை இறங்கினாலும் தட்டு விலை ஏன் இறங்குவதில்லை?

கேள்வி சுருக்கமாக இதுதான்: "விலைவாசி குறைந்துவிட்டது என்று செய்தியில் சொல்கிறார்கள். தக்காளி, வெங்காயமெல்லாம் மலிவாகத்தான் கிடைக்கிறது. ஆனால் தெருமுனை பாஸ்ட் புட் கடையில் முட்டை பிரைடு ரைஸ் ஒரு ரூபாய்கூட இறங்கவில்லை. அதே தட்டு எங்கள் ஊரில் ஒரு விலை, சென்னையில் ஒரு விலை, கொச்சியில் ஒரு விலை. யார் கொள்ளையடிக்கிறார்கள்?"

மெஸ், பேக்கரி, இரவு நேர பாஸ்ட் புட் கடை என்று கொங்குப் பக்கத்துச் சின்ன வியாபாரங்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். அந்த நோட்டைப் பார்த்துப் பழகியவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். கொள்ளையும் கொஞ்சம் உண்டு, அதற்குப் பிறகு வருவோம். முதலில் இதைப் பிடித்துக்கொள்ளுங்கள்: மளிகைக் கடை விலையும் ஓட்டல் விலையும் ஒரே காரணத்தால் ஏறுவதில்லை. அரிசி, எண்ணெய், காய்கறி விலையை மழையும் விளைச்சலும் ஏற்றுமதித் தடையும் இறக்குமதி வரியும் ஏற்றும், அதேபோல இறக்கவும் செய்யும். தட்டின் விலையில் பெரும்பங்கு கூலி, வாடகை, கேஸ், கமிஷன். இவற்றில் கேஸைத் தவிர மற்றதெல்லாம் ஏறத்தான் தெரிந்தவை.

செய்தியில் வரும் எண்ணைப் பார்ப்போம். 2025 அக்டோபரில் நாட்டின் சில்லறைப் பணவீக்கம் 0.25% என்று அறிவித்தார்கள். உணவுப் பொருட்களை மட்டும் எடுத்தால் முந்தைய ஆண்டைவிட 5% குறைவு. பொய் இல்லை, உண்மையான கணக்குத்தான். ஆனால் 2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட அந்தக் குறியீட்டில் நூற்றில் காய்கறிக்கு 6.04 பங்கு, சமைத்த சாப்பாடு, தின்பண்டம், இனிப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்து 5.55 பங்கு. காய்கறி ஒரு வருடம் விண்ணுக்குப் போய் அடுத்த வருடம் தரைக்கு வரும். அந்த வீழ்ச்சி குறியீட்டையே இழுத்துக்கொண்டு போய்விடும். சமைத்த சாப்பாடு அப்படி ஆடாது. மெதுவாக ஏறிக்கொண்டே இருக்கும். வீட்டில் சமைப்பவருக்கு அந்த 0.25% ஓரளவு புரியும். தினமும் வெளியே சாப்பிடும் பேச்சிலருக்கு அது ஏதோ வேறு நாட்டுச் செய்தி மாதிரித்தான் இருக்கும்.

சரி, ஒரு தட்டுக்குள் என்ன இருக்கிறது? ஓட்டல் தொழிலில் பொதுவாகச் சொல்வது, விற்பனையில் மூன்றில் ஒரு பங்குக்குள் சரக்குச் செலவு நிற்க வேண்டும் என்று. தள்ளுவண்டியில் வாடகை குறைவு என்பதால் சரக்கின் பங்கு பாதியை ஒட்டி வரும். ஏசி போட்ட ரெஸ்டாரன்டில் கால் பங்குக்கும் கீழே போகும். 100 ரூபாய்த் தட்டில் சரக்கு 40 ரூபாய் என்று வையுங்கள். அந்த 40-க்குள் அரிசி, முட்டை, எண்ணெய், கோஸ், கேரட், சாஸ் எல்லாம் அடக்கம். வெங்காயமும் தக்காளியும் விலை பாதியானால்கூடத் தட்டுக்கு ஓரிரு ரூபாய்தான் மிச்சம். ஓரிரு ரூபாயைக் குறைத்து 98 என்று எந்தக் கடைக்காரரும் போர்டு எழுத மாட்டார். சில்லறை கொடுக்க முடியாது என்பார். ஜிபே வந்த பிறகும் இந்தக் காரணம் சாகவில்லை!

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதை யாரும் பேசுவதில்லை. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100-ஐத் தாண்டி, சில இடங்களில் 200-ஐத் தொட்டபோது எத்தனை கடைகள் தட்டு விலையை ஏற்றின? பெரும்பாலும் இல்லை. தக்காளிச் சட்னி காணாமல் போனது, சாம்பாரில் புளி கூடியது, அவ்வளவுதான். வட, கிழக்கு இந்தியாவில் மெக்டொனால்ட்ஸ் கடைகளே தரமான தக்காளி கிடைக்கவில்லை என்று அறிவிப்பு ஒட்டிவிட்டு பர்கரில் தக்காளியை நிறுத்தின. தமிழக அரசு சென்னையில் ரேஷன் கடைகள் வழியாகக் கிலோ 60 ரூபாய்க்கு விற்றது. அந்த மாதங்களில் கையைக் கடித்துக்கொண்டு ஓட்டிய கடைக்காரர், தக்காளி 15 ரூபாய்க்கு வரும்போது அந்த நஷ்டத்தைத்தான் சரிக்கட்டுகிறார். தட்டு விலை என்பது ஒரு வருடத்துச் சராசரி. இன்றைய மார்க்கெட்டை வைத்து அதை அளந்தால் எப்போதும் அநியாயமாகத்தான் தெரியும். விளைவித்தவருக்கும் அதில் பெரிய பங்கு போவதில்லை. ரிசர்வ் வங்கியின் ஆய்வுத்தாள் ஒன்று 2024-இல் சொன்ன கணக்குப்படி, நாம் தக்காளிக்குக் கொடுக்கும் ஒரு ரூபாயில் விவசாயிக்குப் போவது சுமார் 33 பைசா. வெங்காயத்தில் 36, உருளைக்கிழங்கில் 37.

அடுத்தது கேஸ். வீட்டு சிலிண்டர் விலைதான் டிவி விவாதத்துக்கு வரும். கடையில் எரிவது 19 கிலோ வணிக சிலிண்டர். அதன் விலை மாதாமாதம் 1-ஆம் தேதி மாறும், ஊருக்கு ஊர் வேறு. 2025 செப்டம்பரில் மும்பையில் 1,531.50 ரூபாய், டெல்லியில் 1,580, சென்னையில் 1,738. ஒரே நாள், ஒரே சிலிண்டர், மும்பைக்கும் சென்னைக்கும் 200 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். அதே சமயம் சென்னையில் 14.2 கிலோ வீட்டு சிலிண்டர் 868.50. கிலோவுக்குக் கணக்குப் போட்டால் வீட்டுக்கு 61 ரூபாய், கடைக்கு 91 ரூபாய். வீட்டு சிலிண்டருக்கு ஜிஎஸ்டி 5%, கடை சிலிண்டருக்கு 18%. இரவில் சில கடைகளில் வீட்டுக்கான சிவப்பு சிலிண்டர் ஏன் சாக்கு மூடிய நிலையில் இருக்கிறது என்பது இப்போது புரிந்திருக்கும். அது சட்டப்படி குற்றம், நான் சிபாரிசு செய்யவில்லை.

ஆனால் இதே சிலிண்டர்தான் உங்கள் கேள்வியின் பக்கம் வலுவாக நிற்கும் சாட்சி. 2022 மே மாதத்தில் சென்னையில் வணிக சிலிண்டர் 2,508 ரூபாய். அப்போது "கேஸ் விலை உயர்வு காரணமாக" என்று போர்டு வைத்து விலையை ஏற்றிய கடைகள் ஏராளம். 2025 செப்டம்பருக்குள் அது 770 ரூபாய் இறங்கிவிட்டது. போர்டு மட்டும் இறங்கவில்லை. கேட்டால், "கேஸ் இறங்கியது சரி, மாஸ்டர் சம்பளம் இறங்கவில்லையே" என்பார்கள். பாதி சாக்கு, பாதி உண்மை.

அந்தப் பாதி உண்மையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊருக்கு ஊர் வித்தியாசம் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. பரோட்டா மாஸ்டருக்கும் சைனீஸ் மாஸ்டருக்கும் இன்று தட்டுப்பாடு. உள்ளூர்ப் பையன்கள் அடுப்பு முன்னால் நிற்கத் தயாரில்லை. திருப்பூர், கோவை, சென்னைப் புறநகர் பாஸ்ட் புட் கடைகளில் வாணலியைப் பிடித்திருப்பவர் பெரும்பாலும் நேபாளம், அசாம், ஒடிசா, மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர். அவருக்குச் சம்பளத்தோடு சாப்பாடு, தங்குமிடம், ஊருக்குப் போக முன்பணம் எல்லாம் சேர்த்துக் கொடுக்க வேண்டும். சம்பளம் குறைந்தால் மறுநாள் அடுத்த கடையில் நிற்பார். கேரளத்தில் கூலி இன்னும் அதிகம். ரிசர்வ் வங்கி வெளியிட்ட விவரப்படி 2022-23-இல் கிராமப்புறக் கட்டுமானத் தொழிலாளியின் சராசரி நாள் கூலி நாடு முழுவதும் 393 ரூபாய், தமிழ்நாட்டில் சுமார் 500, கேரளத்தில் 852. கட்டடக் கூலிக்கும் பிரைடு ரைஸுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். சமையலுக்கு ஆள் தேடுபவர் கட்டட மேஸ்திரியோடுதான் போட்டி போடுகிறார். வாளையாறு சோதனைச் சாவடியைத் தாண்டியதும் தட்டு விலை ஏறுவதில் பெரும்பகுதி இந்தக் கூலி வித்தியாசம்தான்.

மிச்சம் இருப்பது சரக்கு. கேரளத்துக் கதை இதில் தனி, அதைச் சொல்லாமல் இந்தப் பதில் முழுமையாகாது. 2025 செப்டம்பரில் நாட்டின் பணவீக்கம் 1.54% என்று வந்தபோது கேரளத்தில் 9.05%. கிட்டத்தட்ட ஆறு மடங்கு! ஒரே நாடு, ஒரே ரூபாய், ஒரே வரி. தங்கம் ஒரு காரணம், அங்கே நகை வாங்கும் வழக்கம் அதிகம் என்பதால் தங்க விலை ஏறினால் அவர்கள் குறியீடும் ஏறும். பெரிய காரணம் தேங்காய் எண்ணெய். 2025-இன் நடுவில் அது கிலோ 400-ஐத் தாண்டி 500-ஐ நோக்கிப் போனது. மற்ற மாநிலத்தில் தேங்காய் எண்ணெய் தலைக்கு, கேரளத்தில் வாணலிக்கு. வாழைக்காய் சிப்ஸ், பழம்பொரி, மீன் பொரியல், அவியல் எல்லாமே அதில்தான். எண்ணெயை மாற்றினால் ருசி போய்விடும், வாடிக்கையாளரும் போய்விடுவார்.

அந்த எண்ணெயின் வேர் நம் பக்கம்தான் இருக்கிறது. கொப்பரை வியாபாரத்துக்குக் காங்கேயம் பெரிய மையம், காய் வருவது பொள்ளாச்சி, உடுமலை, ஆனைமலைப் பக்கத்திலிருந்து. 2023-இல் இங்கே நிலைமை தலைகீழாக இருந்தது. கொப்பரை விலை அரசு நிர்ணயித்த ஆதார விலையான கிலோ 108.60-க்கும் கீழே விழுந்து, பாமாயிலுக்குப் பதில் ரேஷனில் தேங்காய் எண்ணெய் கொடுங்கள் என்று விவசாயிகள் போராடினார்கள். அடுத்து வந்த கடும் வெயில், வெள்ளை ஈ, வாடல் நோய், இளநீராகவே காயை இறக்கி விற்றுவிடும் பழக்கம் எல்லாம் சேர்ந்து காய்ப்பு குறைந்தது. 2025-இல் ஆதார விலை கிலோ 115.82, சந்தை விலை 200-க்கு மேல். இரண்டே ஆண்டில் விவசாயி அழுத காலமும் ஓட்டல்காரர் அழுத காலமும் வந்து போய்விட்டன. கொப்பரை தரைமட்டத்தில் கிடந்த 2023-இல் எந்த ஓட்டலிலும் தேங்காய்ச் சட்னி கூடுதலாக ஊற்றியதாக நினைவில்லை. 2025-இல் மட்டும் சட்னியில் பொட்டுக்கடலை கூடி, வெள்ளைச் சட்னி மஞ்சளாகி, பல இடங்களில் இரண்டாவது முறை கேட்டால் சப்ளையர் காதில் விழாமல் போனது.

மற்ற எண்ணெய்க்கு வருவோம். இந்தியா சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்கிறது. பாமாயில் இந்தோனேசியா, மலேசியாவிலிருந்து வருகிறது, சூரியகாந்தி பெரும்பாலும் ரஷ்யா, உக்ரைனிலிருந்து. 2022 ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியபோது நம் ஊர் பஜ்ஜிக் கடைக்கு அது மூன்று வாரத் தலைவலி. 2024 செப்டம்பரில் மத்திய அரசு சுத்திகரிக்காத பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களுக்கான மொத்த இறக்குமதி வரியை 5.5%-லிருந்து 27.5%-க்கு உயர்த்தியது. உள்நாட்டு எண்ணெய் வித்து விவசாயிக்கு நல்லது என்பது காரணம். அதில் நியாயமும் உண்டு. தீபாவளிக்கு முன் பலகாரம் போடும் நேரத்தில் அது வந்ததால் அடி பலமாக விழுந்தது. 2025 மே கடைசியில் 16.5% ஆகக் குறைத்தார்கள். டின் விலை ஓரளவு இறங்கியது. முறுக்குப் பாக்கெட் விலை? அது ஏறிய இடத்திலேயே உட்கார்ந்துகொண்டது.

விலையை ஏற்றுவதற்கு முன் ஒரு கடைக்காரர் என்னென்ன செய்வார் என்பதுதான் எனக்கு இந்தத் தொழிலிலேயே சுவாரசியமான பகுதி. வெங்காயம் ஏறினால் ஆம்லெட்டிலும் சமோசாவிலும் கோஸ் நுழையும். முட்டைப் பொடிமாஸில் கோஸைக் கண்டுபிடிப்பது கொஞ்சம் கஷ்டம், அதனால் அங்கே தாராளமாக நுழையும். சன்பிளவர் எண்ணெய் பாமாயிலாக மாறும். பரோட்டா அளவு சுருங்கும். இரண்டு முட்டை போட்ட ரைஸ் ஒன்றரை முட்டை ரைஸ் ஆகும், அதாவது நாலு தட்டுக்கு ஆறு முட்டை. சால்னாவில் தண்ணீர் கூடும். பார்சலில் ஒரு சட்னி குறையும். இதெல்லாம் முடிந்து இனி ஒன்றுமே குறைக்க முடியாது என்ற இடத்தில்தான் போர்டில் 10 ரூபாய் ஏறும். ஏறுவதும் பத்துப் பத்தாகத்தான். செலவு 4 ரூபாய் ஏறும்போது சும்மா இருந்து, 7 ஆனதும் 10 ஏற்றுவார். வாடிக்கையாளர் கண்ணில் படுவது அந்த ஒரு நாள் தாவல் மட்டும்.

முட்டையிலும் கோழியிலும் நிலவரம் வேறு, இங்கே எல்லாம் வெளிப்படை. முட்டைக்கு நாமக்கல்லில் என்இசிசி என்ற முட்டை ஒருங்கிணைப்புக் குழு, கறிக்கோழிக்குப் பல்லடத்தில் பிசிசி என்ற கறிக்கோழி ஒருங்கிணைப்புக் குழு பண்ணை விலையை அறிவிக்கும், காலையில் எல்லார் வாட்ஸப்பிலும் வந்துவிடும். புரட்டாசி வந்தால் இறங்கும், கார்த்திகை மாலை போடும் காலத்தில் இங்கே கறி விற்பனை படுக்கும், ஆனால் வடக்கே குளிர் வந்துவிடுவதால் முட்டை மட்டும் ஏறும். 2025 நவம்பரில் நாமக்கல் பண்ணை விலையே 6 ரூபாயைத் தாண்டியது. கோழிக்கறி கிலோவுக்கு 60, 70 ரூபாய் இறங்கும் வாரங்கள் வருடத்தில் பல உண்டு. சிக்கன் ரைஸ் அந்த வாரங்களில் ஒரு ரூபாய் இறங்கிப் பார்த்திருக்கிறீர்களா? அந்த வாரங்கள்தான் கடைக்காரர் வாடகை பாக்கியைக் கட்டும் வாரங்கள்.

பாலில் அரசாங்கத்தின் கை நேரடியாகத் தெரியும். சமன்படுத்திய பால் லிட்டர், தமிழ்நாட்டில் ஆவின் 2021 மே மாதம் 3 ரூபாய் குறைத்ததிலிருந்து 40 ரூபாய். கர்நாடகத்தில் நந்தினி 2025 ஏப்ரலில் 4 ரூபாய் ஏற்றி 46 ஆக்கியது. கேரளத்தில் மில்மா 2022 டிசம்பரிலேயே 52. மூன்று பக்கத்துப் பக்கத்து மாநிலம், கிட்டத்தட்ட ஒரே பால். ஆனால் இதை வைத்துச் சென்னை டீ மலிவாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். டீக்கடைகள் பெரும்பாலும் தனியார் பாலைத்தான் வாங்குகின்றன, அதன் விலை ஆவினைவிட அதிகம். பிரேசில், வியட்நாம் வறட்சியால் காப்பிக் கொட்டை விலை உலகம் முழுக்க உச்சத்துக்குப் போனது இன்னொரு பக்கம். 2025 செப்டம்பர் முதல் சென்னைக் கடைகளில் டீ 12-லிருந்து 15 ரூபாயாகவும், காப்பி 20 ரூபாயாகவும் ஆனது. அதே ஆண்டு பிப்ரவரியில் சென்னை விமான நிலையத்தில் திறந்த உடான் யாத்ரி கஃபே என்ற அரசின் மலிவு விலைக் கடையில் டீ 10 ரூபாய். விமானத்தில் போகிறவருக்கு டீ தெருக்கடையைவிட மலிவு! அம்மா உணவகத்தில் இட்லி 2013-இல் ஒரு ரூபாய், இன்றும் ஒரு ரூபாய். அதே தெருவில் நாலு கடை தள்ளி இட்லி 15-க்கும் 20-க்கும் போகிறது. வாடகையும் கூலியும் கேஸும் அரசுப் பொறுப்பில் போய்விட்டால் மாவு மட்டும் எவ்வளவு மலிவு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

வரி பற்றி ஒரு பத்தி, சுருக்கமாக. 2017 நவம்பரிலிருந்து ஓட்டல்களுக்கு 5% ஜிஎஸ்டி, ஆனால் அவர்கள் கட்டிய உள்ளீட்டு வரியைத் திரும்ப எடுக்க முடியாது. கேஸுக்குக் கட்டிய 18%, ஏசி மெஷினுக்குக் கட்டிய வரி, வாடகைக்குக் கட்டிய 18% எல்லாம் செலவிலேயே சேர்ந்து, அந்த விலையின் மேல் மீண்டும் 5%. 2025 செப்டம்பர் 22 முதல் நூடுல்ஸ், சாஸ், வெண்ணெய், நெய் எல்லாம் 5%-க்கு வந்தன, பாக்கெட் பனீருக்கும் பரோட்டாவுக்கும் வரியே இல்லை. கடைக்கு இதனால் கொஞ்சம் மிச்சம் உண்டுதான். ஓட்டல் பில்லில் இருக்கும் 5% அப்படியே இருக்கிறது.

அரிசிக்கு வேடிக்கையான கிளைக்கதை உண்டு. 2022 ஜூலையில் 25 கிலோவும் அதற்குக் குறைவுமான லேபிள் போட்ட மூட்டைக்கு 5% வரி வந்தது. ஆலைக்காரர்கள் யோசித்து 26 கிலோ மூட்டை கொண்டுவந்துவிட்டார்கள். ஒரு கிலோ கூடுதல், வரி பூஜ்யம். மறு ஆண்டு 2023 ஜூலை 20-ஆம் தேதி பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை வந்தது. உள்ளூரில் விலையைக் கட்டுப்படுத்தத்தான் அது. அமெரிக்காவில் இருக்கும் நம் சொந்தக்காரர்கள் இந்தியன் ஸ்டோரில் சோனா மசூரிக்கு வரிசையில் நின்றதும், குடும்பத்துக்கு ஒரு மூட்டை என்று கடைக்காரர்கள் அளந்து கொடுத்ததும் அப்போதுதான். 2024 செப்டம்பரில் தடை போனது. இங்கே விலையை அமுக்கினால் அங்கே பொங்கும். ஊருக்கு ஊர் விலை மாறுவதற்கு இதுவும் ஒரு வழி.

இலங்கையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் என் வாதத்துக்கு அது ஒரு விலக்கு. 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைக் குறியீட்டின்படி அங்கே உணவுப் பணவீக்கம் 94.9%. ஒரே வருடத்தில் கிட்டத்தட்ட இரட்டிப்பு. அடுத்த வருடங்களில் சமையல் எரிவாயு விலை இறங்கியபோது, சிற்றுண்டிச்சாலை உரிமையாளர் சங்கத்தினர் கொத்து, பிரைட் ரைஸ், சோற்றுப் பார்சல் விலையைக் குறைப்பதாகப் பகிரங்கமாக அறிவித்தார்கள். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியவில்லை? அங்கே விலை ஏறியதன் காரணம் எல்லார் கண்ணுக்கும் தெரிந்த ஒன்று, ஏற்றமும் திடீரென்று வந்தது, சங்கமும் ஏறும்போதே கூட்டாக அறிவித்துத்தான் ஏற்றியது. அதனால் இறங்கும்போதும் மக்கள் கணக்குக் கேட்டார்கள். நம் ஊரில் ஏற்றம் பத்துப் பத்தாக, கடைக்குக் கடை வேறு வேறு நாளில் வருகிறது. யாரிடம் போய்க் கணக்குக் கேட்பது?

இப்போது கொள்ளை. மூன்று இடத்தில் இருக்கிறது என்பது என் கணிப்பு. ஒன்று, நெடுஞ்சாலை மோட்டல். ராத்திரி பஸ் அங்கே நிற்கும், உங்களுக்கு வேறு கடை கிடையாது, ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் தனி மரியாதை. அங்கே விலைக்கும் சரக்குக்கும் கூலிக்கும் சம்பந்தமே கிடையாது.

இரண்டாவது, டெலிவரி ஆப். இதைக் கொள்ளை என்பதா, சொகுசுக்குக் கூலி என்பதா என்று எனக்கே முடிவில்லை. கணக்கை மட்டும் தருகிறேன். கமிஷன் 25% என்று வைத்துக்கொண்டால், கடைக்காரர் கையில் 100 ரூபாய் நிற்க ஆப்பில் 133 என்று போட வேண்டும். அதன் மேல் 5% ஜிஎஸ்டி. கடை ஜிஎஸ்டி வரம்புக்குள் வராத சின்னக் கடையாக இருந்தாலும், ஆப் வழியாக வாங்கினால் 2022 ஜனவரியிலிருந்து அந்த 5% உண்டு. அப்புறம் பேக்கிங், டெலிவரி, பிளாட்பார்ம் கட்டணம். 2023-இல் 2 ரூபாயில் ஆரம்பித்த பிளாட்பார்ம் கட்டணம் 2025-இல் 12-ஐத் தாண்டியது. நடந்துபோனால் 100 ரூபாய்க்குக் கிடைப்பது வாசலுக்கு வரும்போது 170, 180 ஆகிறது. "ஊரெல்லாம் விலை ஏறிவிட்டது" என்று புலம்பும் பலர் உண்மையில் ஆப் விலையைத்தான் சொல்கிறார்கள்.

மூன்றாவது, பாக்கெட் தின்பண்டம். 5 ரூபாய், 10 ரூபாய் என்ற விலை மாறாமல் உள்ளே இருக்கும் கிராம் மட்டும் குறைவது. இங்கே ஓர் ஆறுதல்: ஒரு கிராம் அல்லது ஒரு மில்லி என்ன விலை என்பதைப் பாக்கெட்டிலேயே அச்சிட வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. எம்ஆர்பிக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். மளிகைக்கடையில் இரண்டு பிராண்டை ஒப்பிட அந்த எண் போதும், பெரிய பாக்கெட்தான் லாபம் என்ற நம்பிக்கை சில சமயம் அங்கேயே உடையும்.

இனி இறங்குமா என்றால், மளிகை இறங்கும், மறுபடி ஏறும். ரேஷனில் துவரம்பருப்பு 30 ரூபாய்க்கும் பாமாயில் 25 ரூபாய்க்கும் கிடைக்கும்வரை தமிழ்நாட்டில் வீட்டுச் சமையலுக்கு ஒரு தடுப்பு இருக்கிறது. தட்டு விலை இறங்காது. அடுத்து எப்போது ஏறும் என்பதை மட்டும் ஓரளவு ஊகிக்கலாம். தீபாவளிக்கு ஊருக்குப் போன மாஸ்டர்கள் திரும்பி வந்து புதுச் சம்பளம் பேசும் வாரங்களையும், கடை ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதத்தையும் கவனியுங்கள். உங்கள் தெருக் கடையில் சமீபத்தில் கோஸ் கூடி, ஒரு சட்னி குறைந்திருந்தால் போர்டு மாற இன்னும் இரண்டு மூன்று மாதம்தான்.